முதல் ஃப்ளாப்பி என்னுடையது

மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டில் முதல் மாவு மில் போட்டவன் நான். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, சிமென்ட் ஏற்றி வந்து, பல்கலைக்கழகத்தின் பயிர்த் துறைக்கு இந்த மலைமேல் கட்டடம் எழுப்பியவனும் நானே. படிப்பு? மூன்றாம் வகுப்பு. அதுவும் பாதியில்!

போன மாதம் அதே கட்டடத்துக்குள் பெரிய சேதம் செய்தவனும்... நான்தான்.

வாரப் பத்திரிகைக்கு நான் கையால் எழுதும் பத்தியை வாராவாரம் டைப் அடித்துத் தருபவள் அத்துறையின் தற்காலிக ஊழியர் மணிமேகலை. பேத்தி கல்யாணப் பத்திரிகையை சேந்தமங்கலத்துக் கடையொன்றில் ஃப்ளாப்பியில் ஏற்றி வாங்கிப்போய், "கண்ணு, ஒரு பிரிண்ட் போட்டுக் குடு" என்றேன். போட்டாள்.

அன்று மாலையே அவள் கம்ப்யூட்டர் தடுமாறியிருக்கிறது. மறுநாள் அத்தனை கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன. வைரஸ்! மாணவர்களின் மிளகு ஆராய்ச்சிக் குறிப்புகள் எல்லாம் அதற்குள்.

கூரை பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். (ஒழுகவில்லை, லேசான கசிவு.) உள்ளே துறைத் தலைவர் எல்லோரையும் நிற்க வைத்திருந்தார்.

"வெளி ஃப்ளாப்பி போட்டது யாரு?"

"நான்தானுங்க சார்" என்றாள் மணிமேகலை.

"யாரோடது?"

அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"சொல்ல மாட்டியா? அப்ப திங்கக்கெழமையிலிருந்து வர வேண்டாம்!"

அந்த வேலையை நம்பித்தான் அவள் வீடு நடக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. மச்சானே கொண்டு வந்தாலும், வெளியூர் மரவள்ளிக் குச்சியை நான் நேராகக் காட்டில் நட மாட்டேன். ஒதுக்குப்புறமாக நட்டு, இலையில் தேமல் நோய் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான். அப்படிப்பட்ட நான் ஃப்ளாப்பியை மட்டும் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்!

"ஏனுங்க சார், அது என்னோடதுங்க. வையறதுன்னா என்னைய வையுங்க. அந்தப் புள்ளைய உட்டுருங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளை.

"ஏம்மா, நேத்தே சொல்லியிருந்தா ஒரு மிசினோட நின்னுருக்குமே?"

"சொன்னா வேலை போயிருமேன்னு பயந்துட்டேனுங்க சார்."

அவர் என்ன நினைத்தாரோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இனி இப்படி நடந்தால் என்ன செய்வது என்று எழுத ஆரம்பித்தார். முதல் விதி — கோளாறைப் பார்த்தவர் உடனே சொல்ல வேண்டும். சொன்னவருக்குத் தண்டனை கிடையாது. அடுத்தது, அந்தக் கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றி மற்றவற்றிலிருந்து பிரிப்பது. மூன்றாவதற்கு யோசித்தார். மரவள்ளிக் குச்சியைச் சொன்னேன். வெளி ஃப்ளாப்பிக்கென்று மூலையில் தனி கம்ப்யூட்டர் வந்தது!

மிளகுக் குறிப்புகள் நாமக்கல்லில் ஒரு மாணவர் வைத்திருந்த பிரதியால் பிழைத்தன. மணிமேகலை வேலையும்தான். எத்தனை பேர் இருக்கிறார்கள், கோபத்தை விழுங்கிவிட்டு நடந்ததையே ஒரு விதியாக எழுதுபவர்கள்? அந்தத் தலைவருக்கு நன்றி. என் பெயரைச் சொல்லாமல் நின்றாளே, அவளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. இதை டைப் அடிப்பவளும் அவள்தான். "ஃப்ளாப்பி எதாச்சும் கொண்டாந்தீங்களா அப்பாரு? மூலைக்குப் போங்க!" என்று இப்போது வாசலிலேயே மடக்குகிறாள்.

ஒரே ஒரு குறை. சுவரில் ஒட்டிய விதிகளுக்கு மேலே, 'வெளிநபர் ஒருவரின் ஃப்ளாப்பியால்' என்று போட்டிருக்கிறார்கள்.

வெளிநபரா? கட்டடம் என்னுடையது, வைரஸ் என்னுடையது, மூன்றாவது விதி என் காட்டிலிருந்து போனது!

தலைவர் அவர்களே, என் பெயரைப் போடுங்கள். மணிமேகலை பெயரையும் போட்டு, அதற்குக் கீழே என்றாலும் சரி... எழுத்து மட்டும் பொடியாக வேண்டாம்.