எடுக்க முடியாத சூனியம்

ஏ.சி. ரிப்பேருக்கு வருகிற மனிதர் ரிப்பேர் பார்த்துவிட்டுப் போனால் போதாதா? பெரியவளுக்கு வாய்த்த புருஷனுக்குப் போதாது. போகிற வீட்டுக்கெல்லாம் கருவிப் பெட்டியோடு புத்தரையும் தூக்கிக்கொண்டு போவார்.

ஏ.சி.யில் கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் பம்பை மாட்டி, குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் சுத்தமாக உறிஞ்சி எடுக்க வேண்டும். வேக்கம் போடுவது என்பார்கள். பம்பு ஓடுகிறவரை மெக்கானிக்குக்கு வேலை இல்லை. மற்றவர்கள் போனை நோண்டுவார்கள். இவர் வீட்டுக்காரரைப் பிடித்து எதிரில் உட்கார வைத்து, "இப்ப குழாய்க்குள்ள ஒண்ணுமே இல்லைன்னுதானே நினைக்கிறீங்க?" என்று தொடங்குவார். அப்புறம் அந்த மனிதர் தப்பிக்க முடியாது. வாடிக்கையாளர்கள் அவருக்கு வேக்கம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேலி என்று அவருக்கு உறைக்கவில்லை, பட்டம் கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டார்.

இந்தப் பித்து பிடித்ததும் பம்பால்தான். ஒரு தியான மண்டபத்தில் வேக்கம் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு பிக்கு பேசிக்கொண்டிருந்தார். பம்பை விட்டு நகர முடியாதே, கேட்டுத் தொலைத்திருக்கிறார். உலகத்தில் எந்தப் பொருளும் தானாகத் தனியாக நிற்பதில்லை. பல காரணங்கள் கூடினால் உண்டாகிறது, கலைந்தால் போகிறது. இப்படிச் சொந்தக்கால் இல்லாமல் இருப்பதற்குத்தான் சூனியம் என்று பெயர் என்றாராம் பிக்கு. வேக்கத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். அன்றிலிருந்து விஞ்ஞானப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தார். முழுக்கக் காலியான இடம் என்று ஒன்று கிடையாது, வெற்றிடம்கூடச் சும்மா இருப்பதில்லை என்று விஞ்ஞானிகள் எழுதியிருந்ததைப் படித்த அன்று, புத்தர் அப்போதே சொல்லிவிட்டார் என்று வீட்டுக்குள் குதித்தார். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டாரல்லவா, பிறகு நீங்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொல்லி உயிரை வாங்குகிறீர்கள் என்று கேட்டாள். காதில் விழுந்தால்தானே.

அக்கா தங்கை இரண்டே பேரில் மூத்தவள் என்பதால் அவள் பெரியவள். புருஷனின் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து போன் எடுப்பது அவள் வேலை. மெஷின் ஏன் பழுதாயிற்று என்று கேட்டால் உங்கள் வீட்டுக்காரர் காரணம் ஒன்றில்லை, கோடி என்கிறாரே அம்மா என்று ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். எலி கடித்திருக்கும் என்று சொல்லிப் போனை வைப்பாள். ஜனங்களுக்கு ஒரு எலி தேவை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இவருக்குத்தான் அது மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் தங்களுக்குக் குழந்தை இல்லை என்பதற்காக அவளை ஒரு சொல் சொன்ன மனிதர் இல்லை அவர். அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் சகித்தாள்.

தங்கைக்கு, சின்னவளுக்கு, மூன்றாவது கருவும் கலைந்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, ரத்தம் சரி, கர்ப்பப்பை சரி, சில நேரம் எங்களுக்கே காரணம் தெரிவதில்லை என்று கையை விரித்துவிட்டார். அவர் தெரியாததைத் தெரியாது என்றார், பாவம். ஆனால் சின்னவளின் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றாள். யாரோ என்று சொல்லும்போது, தங்கை வீடு திரும்பியபின் பார்க்கப் போயிருந்த பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொறாமைப்படுவதற்குப் பிள்ளை பெறாத அக்காவை விட்டால் வேறு யார் இருக்கிறாள்? சின்னவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அக்காவின் போனை எடுக்கவே இல்லை. மாமியார் சொன்னதைப் பெரியவள் துடைத்துப் போட்டுவிட்டாள். தங்கை பேசாமல் இருந்தது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த நேரம் பார்த்து வேக்கம் நூலகத்து மாடியில் கூட்டம் போடுவதாகக் கிளம்பினார். தலைப்பு, 'சூனியம்: பௌத்தமும் நவீன விஞ்ஞானமும்'. பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். வெறுமை என்று போடுங்கள், வெற்றிடம் என்று போடுங்கள், இந்தச் சொல் மட்டும் வேண்டாம் என்று மன்றாடினாள். மூலத்தில் இருக்கிற சொல்லை மாற்ற நமக்கு என்ன உரிமை என்றார். நோட்டீஸ் அடித்தவன் சூனியம் என்பதை மட்டும் சிவப்பில் பூதாகாரமாகப் போட்டு, மிச்சத்தைப் பொடி எழுத்தில் அடியில் தள்ளிவிட்டான். பக்கத்திலேயே 'அனுமதி இலவசம்'. பேசுகிறவர் பெயர் கிடையாது. நான் என்று ஒருவன் இருந்தால்தானே பெயர் போடுவதற்கு என்று இவரே வேண்டாம் என்றிருக்கிறார்.

கூட்டம் பொங்கி வழிந்தது. வியாபாரம் படுத்தவர்கள், நில வழக்கு இழுக்கிறவர், மருமகள் பேச்சைக் கேட்கிற மகனைப் பெற்றவர்கள் என்று ஊரின் வயிற்றெரிச்சல் மொத்தமும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. விஞ்ஞானத்தில் இவ்வளவு ஆர்வமா என்று வேக்கம் நெகிழ்ந்து போனார். பெரியவள் கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்போதுதான் முதல் வரிசையில் அந்தப் பின்னலைப் பார்த்தாள். சின்னவள். வீட்டுக்குத் தெரியாமல் தனியாக வந்திருந்தாள். மைக்கைப் பிடித்தவர் அக்கா புருஷன் என்று கண்டதும் பாதி எழுந்து, என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அவர் அணுவுக்குள் போனார், குழாய்க்குள் போனார், பிக்குவிடம் வந்தார். கேள்வி உண்டா என்றார். சின்னவள் எழுந்தாள்.

"மாமா, அதை எடுக்க முடியுமா?"

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு ஆழமான கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "முடியாதும்மா. எடுக்கிற விஷயமே இல்லை அது. உன்கிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு."

"பிறக்கிறதுக்கு முன்னாடியே இருக்குமா?"

"முன்னாடியே இருக்கும்," என்றார் அந்த மகானுபாவர். பௌத்தத்தின்படி சரியான பதில்.

சின்னவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளுக்கு வந்த ஆத்திரத்தில் நடுவில் இருந்த நாற்காலிகள் தெரியவில்லை. இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். வாயை மூடுங்க என்று அத்தனை பேர் முன்னிலையில் புருஷனிடம் சொன்னாள். பிறகு தங்கையிடம் திரும்பினாள்.

"நான்தான்டி வச்சேன். உனக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானே? நான்தான் வச்சேன். இப்ப எடுத்துட்டேன். கிளம்பு."

நில வழக்குக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எதுல வச்ச?" என்றாள் சின்னவள்.

பெரியவள் இதை யோசித்திருக்கவில்லை. "ஒரு டப்பாவுல."

"என்ன டப்பா?"

"பிஸ்கட் டப்பா."

சின்னவள் அக்காவையே பார்த்தாள். அவள் உதடு கோணியது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று சொல்ல முடியவில்லை. "உனக்குப் பொய் சொல்லவே வராதுக்கா," என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப யாருதான்?"

"யாரும் இல்லைடி. டாக்டர் சொன்னாரே. யாருமே இல்லை."

அதைத்தானே நானும் இவ்வளவு நேரம் சொன்னேன் என்று சொல்ல வேக்கம் மூச்சை இழுத்தார். பெரியவள் ஒரு பார்வை பார்த்தாள். இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டார்.

"யாராவது இருந்தாத் திட்டலாமேக்கா. மூணும் போயிருச்சு. யாரைத்தான் திட்டுறது நான்?"

"என்னைத் திட்டு."

திட்டினாள். சூனியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்டாள். உன் மாமியார் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தி, வராதே என்று சொல்லிவிட்டாரே என்று பெரியவள் ஆரம்பித்தாள்.

"அவங்க சொன்னாங்க. நான் சொன்னேனா வராதேன்னு? கதவையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தேன்க்கா."

பெரியவள் தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் திட்டி முடிக்கிறவரை கேட்டாள்.