எரிமலைத் தீவுக்குப் போக நல்ல மாதம்

கரீபியன் கடலில் இருக்கும் ஓர் எரிமலைத் தீவுக்கு எந்த மாதம் போகலாம் என்று கனடாக்காரருக்கு எழுதிக் கொடுத்ததுதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை. அந்தத் தீவை நான் அன்றும் கண்டதில்லை, இன்றும் கண்டதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தவன் நான். ரொறன்ரோவில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் “கனேடிய அனுபவம் உண்டா?” என்று கேட்டார்கள். குளத்தில் இறங்காமல் நீச்சல் பழகிக்கொண்டு வா என்று சொல்வது போல எனக்குப் பட்டது. கோபம்தான் வந்தது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு வாடகை கட்ட முடியாது. கடைசியில் ஸ்காபரோவில் ஒரு சிறிய பிளாசாவில், சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே இருந்த பயண முகவர் அலுவலகத்தில் ஓர் அம்மா என்னை உள்ளே விட்டார். போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவர். அலுவலகத்தில் அவர் ஒருவர்தான், நான் இரண்டாமவன். “மூன்று மாதம் பார்ப்பேன். பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் போய்விட வேண்டும்” என்றார்.

எனக்கு அந்த நிரந்தரம்தான் வேண்டும். கல்யாணம் முடித்த கையோடு மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். நிலையான வேலை என்று காட்டினால்தான் அவளைக் கூப்பிட முடியும். அவள் எழுதும் கடிதங்களில் எல்லாச் செய்தியும் இருக்கும். எப்போது கூப்பிடுவீர்கள் என்ற கேள்வி மட்டும் இருக்காது. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலாளியம்மா ஒரு வாரம் வெளியூர் போகும்போது என்னிடம் அந்தத் தீவின் மழை, வெப்ப அட்டவணைகளைத் தந்தார். “நீ புவியியல் ஆசிரியர்தானே? மாதம் மாதமாகக் காலநிலை எப்படி, எப்போது போவது நல்லது என்று ஒரு பக்கம் எழுது. ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிடு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நெடுநாளைக்குப் பிறகு நான் படித்த படிப்புக்கு ஒரு வேலை.

நடுவில் மலை, மலை உச்சியில் மேகம். காற்று வரும் கிழக்குப் பக்கம் மழை கொட்டும். மேற்குப் பக்கம் காயும். நம் நாட்டு மலைநாட்டிலும் இதே சங்கதிதான். எரிமலை உறங்கினாலும் சில இடங்களில் நிலத்திலிருந்து ஆவி வரும், வெந்நீர் ஊற்று உண்டு என்று அட்டவணையின் அடியில் போட்டிருந்தார்கள். எங்கள் திருகோணமலையில் இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

பிறகு மாதங்களுக்கு வந்தேன். பெப்ரவரி, மார்ச்: மழை மிகக் குறைவு, வெயில் கடுமை, புல் கருகும், தவிர்ப்பது நல்லது. ஏப்ரல்: அதைவிட மோசம். மே: முதல் மழை விழும், மண் குளிரும். ஜூன், ஜூலை: பகலில் ஒரு மழை, பின்னேரம் ஒரு மழை, போகலாம். ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை புயல் வரக்கூடிய காலம், வேண்டாம். நவம்பருக்கு வந்ததும் என் கை நிற்கவில்லை. புயல் பயம் குறைந்துவிடும், மழை மட்டும் நிற்காது. அருவிகள் எல்லாம் நிறைந்து விழும், மேகம் வீட்டு வாசல்வரை இறங்கி வரும், தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விறாந்தையில் இருக்கலாம், இதைவிட நல்ல மாதம் கிடையாது என்று எழுதினேன். எழுதியது ஆங்கிலத்தில்தான். எழுதியவன் யாழ்ப்பாணத்தான்.

நான் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் அறையில் என்னோடு ஒரு மாணவர் இருந்தார். ராமநாதபுரத்துக்காரர், பொறியியல் படிக்க வந்தவர். இன்று ஸ்காபரோவில் தடக்கி விழுந்தால் தமிழர் மேல்தான் விழ வேண்டும். அன்று எனக்குத் தமிழில் பேச அவர் ஒருவர்தான். அனுப்புவதற்கு முன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

“பிரமாதம் சார். நவம்பரைப் படிச்சதும் இப்பவே கிளம்பிடலாம் போல இருக்கு” என்றார் அவர். “எங்க ஊர்ல கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சும் மழை வரல.”

இரண்டு பேரும் சேர்ந்து உறைகளை ஒட்டினோம்.

முதலாளியம்மா திரும்பி வந்து மேசையில் கிடந்த பிரதியை நின்றபடி வாசித்தார். பாதியில் உட்கார்ந்தார்.

“இதை யாருக்கு எழுதினாய்? தவளைகளுக்கா?”

எனக்கு விளங்கவில்லை. அட்டவணையில் இருந்ததைத்தானே எழுதினேன், ஓர் எண்கூடப் பிழையில்லையே என்றேன்.

“எண்ணில் பிழையில்லை. இந்த ஊர்ச் சனம் பாதி ஆண்டு பனி தள்ளுகிறது. அவர்களுக்கு வேண்டியது வெயில், வேறொன்றும் இல்லை. நீ வெயிலை ஒரு நோய் மாதிரி எழுதி வைத்திருக்கிறாய். யாராவது காசு கொடுத்து மழைக்குள் போவார்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடையில் இங்கே பூங்காக்களில் சனங்கள் எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் கிடப்பதை நான் கண்டுதான் இருந்தேன். நாங்கள் வெயிலில் போடுவது மிளகாயும், பனங்கிழங்கை அவித்துக் காயவைக்கும் புழுக்கொடியலும்தான், மனிதரைப் போடுவதில்லை. அதனால் அதை ஒரு விசர்க்கூத்து என்று நினைத்து விட்டுவிட்டேனே தவிர, அதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை என்று யோசிக்கவில்லை. அன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். மார்ச்சில் வானம் தெளிந்தது. நவம்பருக்கு ஒரு வரி மிஞ்சியது.

ஆனால் பழைய பிரதிகள் தபாலில் போய்விட்டனவே. அவற்றில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வயோதிபத் தம்பதி வந்தார்கள். முதலாளியம்மா மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். கிழவர் காகிதத்தை என் முன்னால் வைத்து, நவம்பர் என்ற இடத்தில் விரலை ஊன்றினார். மழை கடுமையாக இருக்கும், பெப்ரவரிதான் நல்லது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். “நவம்பர்” என்றார் மறுபடியும். அவர் மனைவி வாயே திறக்கவில்லை. பதிவு செய்து கொடுத்தேன்.

“தீவிலிருந்து வந்து சண்டை பிடிக்கப் போகிறார்கள்” என்றார் சாப்பிட்டுத் திரும்பிய முதலாளியம்மா. “அப்போது நீயே பேசு. பேசிவிட்டு உன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடு.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மூன்று மாதமும் அந்த நவம்பரோடுதான் முடிந்தது. நவம்பரில் அவர்கள் விமானம் ஏறினார்கள். விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அந்தத் தீவில் வானம் எப்படி என்று கேட்பேன். மழை என்பார்கள். அடுத்த நாளும் மழை என்பார்கள். மழை பெய்யக் கூடாது என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். பிள்ளையார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மனைவிக்கு அந்த வாரம் எழுதிய கடிதத்தில், எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று எழுதினேன்.

அவர்கள் திரும்பி வந்து நேரே அலுவலகத்துக்கு வந்தார்கள். முதலாளியம்மா தம் மேசையிலிருந்து எழும்பவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் எழுந்து நின்றேன்.

“ஒவ்வொரு நாளும் மழை பெய்தது” என்றார் கிழவர்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் மனைவி பேசினார். அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

“நவம்பரை எழுதியது யார்?”

“நான்தான்” என்றேன்.

“உங்கள் ஊரில் மழை குறைவா?”

ஓம் என்றேன். சில மாதம் நன்றாகப் பெய்யும், மற்ற மாதங்களில் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்போம் என்றேன்.

“வாசித்ததும் தெரிந்தது” என்றார். அவர்கள் மேற்கே புல்வெளி மாகாணத்தில் பயிர் செய்தவர்கள். இளவயதில் ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்து, வயல் மண் புழுதியாகப் பறந்து, நிலத்தை விட்டுவிட்டு வந்தவர்களாம். தீவில் ஒரு நாள்கூடக் கடற்கரைக்குப் போகவில்லை. தகரக் கூரை போட்ட ஒரு விடுதியைத் தேடிப் பிடித்து, விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த நவம்பருக்கும் இப்போதே பதிய வேண்டும் என்றார் கிழவர்.

அவர்கள் போன பிறகு முதலாளியம்மா அந்தப் பதிவுச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“நூறில் ஒருவர்” என்றார். “மற்றத் தொண்ணூற்றொன்பது பேரை வைத்துத்தான் நான் விமானத்தை நிரப்ப வேண்டும். ஆனாலும் மழையையே விற்றவன் வெயிலை விற்க மாட்டானா?” தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகி, எனக்கு நிரந்தர வேலை என்ற கடிதத்தை அவரே அடித்துத் தந்தார். வெளியே வந்து சலவைக் கடை வாசலில் நின்று அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வெயில் விற்றேன். அதில் கெட்டிக்காரனாகவும் ஆகிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே மப்பாக இருந்தால் தொலைபேசி அடிக்கும், ஆட்கள் வருவார்கள். மழையும் பனியும் எங்கள் விளம்பரம். யார் உள்ளே வந்தாலும், இன்று நாள் சரியில்லை, மன்னியுங்கள் என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று முதலாளியம்மா பழக்கியிருந்தார்.

மனைவி வர எந்த மாதம் நல்லது என்று பார்த்து, நானே மே மாதத்தைத் தெரிவு செய்தேன். பனி போயிருக்கும், மரங்கள் துளிர்த்திருக்கும். அவள் இறங்கிய அன்று காலையிலிருந்து ஒரே மழை. விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஈரக் கோட்டோடு நின்றேன். நீலச் சேலையில், மெலிந்துபோய், பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வந்தாள். என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது இதுதான்:

“இண்டைக்கு நாள் சரியில்லை. மன்னிச்சுக்கொள்ளும்.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். எனக்குப் பின்னால் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்த மழையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏன், மழைக்கு என்ன? நான் வந்து இறங்க மழை பெய்யுது, நல்ல சகுனம்தானே. உங்களுக்கு என்ன நடந்தது?”