தீப்பெட்டிக்குள் இருந்த நீல வண்டு

தீப்பெட்டிக்குள் அது நடக்கும்போது நகத்தால் சுரண்டுவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அப்பாவின் மேல்துண்டை உதறியபோது விழுந்த வண்டு; உளுந்து அளவுதான் இருக்கும், மயில்கழுத்து நீலத்தில் உலோகம் போல மினுங்கும், கால்கள் மட்டும் சிவப்பு. ஆம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பொன்வண்டு வளர்த்தவர்கள் என்பதால், நானும் இதைப் "பொன்வண்டுக் குஞ்சு" என்று முடிவுகட்டி ஆவாரந்தழை பறித்துப் போட்டேன். அது தழையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. கடப்பாப் பக்கத்திலிருந்து வரும் உலர்ந்த தோல் கட்டுகளைப் பிரித்து அடுக்குவது அவர் பொறுப்பு. அந்த வாரம் பிரித்த கட்டில் தோலெல்லாம் பொத்தல். இரும்புக் கொக்கி போட்டு இழுத்து அப்பாதான் கிழித்துவிட்டார் என்று மேஸ்திரி முதலாளியிடம் சொல்லிவிட்டார். அந்தக் கட்டை வாங்கி வந்த புண்ணியவான் அதே மேஸ்திரிதான். வேலை போய்விடும் என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த அப்பா, என் தீப்பெட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த காய்ந்த தோல் துணுக்கு ஒன்றை உள்ளே போட்டார். வண்டு ஓடிப்போய் அதன்மேல் ஏறிக் கடிக்கத் தொடங்கியது.

"இது பொன்வண்டு இல்ல கண்ணு, தோல்பூச்சி. கட்டோடயே வந்துகீது," என்றார். அன்று அவர் முகத்தில் பார்த்த தெம்பை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

மறுநாள் நானும் அம்மாவும் சோறு எடுத்துக்கொண்டு போனபோது, கிடங்கு வாசலில் முதலாளி, அப்பா கொண்டுபோய்க் கொடுத்த அந்தத் தீப்பெட்டியைக் கையில் வைத்திருந்தார். கெட்டவர் அல்ல, ஆனால் எதையும் மேஸ்திரியின் கண்ணால் பார்த்தே பழகியவர்.

"இன்னா மேஸ்திரி, இது இன்னா பூச்சி?"

"பொன்வண்டுக் குஞ்சு மொதலாளி. பசங்க வச்சி வெளையாடறது. இது எங்க தோலைத் துன்னும்?"

"ஒரு தோல் துண்டு போட்டுப் பாருங்க மொதலாளி," என்று அப்பா கெஞ்சினார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கித் தரையில் தட்டி, விழுந்ததைக் காலால் தேய்த்தார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் ஆயுசெல்லாம் தோலோடு கிடந்தவர்கள். விவரம் தெரியாத சிறுமியாக நான் செய்த தவறை மேஸ்திரி வேண்டுமென்றே செய்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரியைவிட அவர்கள் மேல்தான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

அன்றே வேலை போயிற்று. அந்தக் கெட்ட பெயரோடு அப்பாவை வேறு எந்தக் கிடங்கிலும் சேர்க்கவில்லை. வேலூர்க் கடைத்தெருவில் மூட்டை தூக்கியே சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்த மேஸ்திரி அம்மாவிடம், "அது தோல்பூச்சிதாம்மா. எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார்.

"அதோ படுத்துனுகீறாரே, அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள் அம்மா.

இன்று அந்தக் கிடங்கு இல்லை. அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. முதலாளி, மேஸ்திரி, வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பழைய தெருக்காரர் ஒருவர், தள்ளாத வயசு, என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பிரியமாகத்தான் கேட்டார்:

"யம்மா, நீ அந்தத் தோலைக் கிழிச்சவரு பொண்ணுதானே?"