அக்கரைச் சிக்னல்

முழங்காலளவுத் தண்ணீரில் குனிந்து நின்று இரண்டு கைகளாலும் சாதாளைப் பாசியை விலக்கினாள் பிரான்சிஸ்கா. கையில் ஒரு ஊரிச் சங்கு வந்தது. இன்னொரு தரம் துழாவினாள். செத்த நண்டின் ஓடு வந்தது.

“எங்கயடி விழுந்தது?” வள்ளத்தில் வலையைப் பிடித்தபடி அவள் புருசன் சந்தியோகு கேட்டான்.

“எங்க எண்டு தெரிஞ்சா ஏன் இப்பிடித் தடவிறன்?”

வலையைக் கரைக்கு இழுக்கக் குனிந்தபோதுதான் அது நடந்தது. சட்டைக்குள் செருகியிருந்த போன் வழுக்கி, வள்ளத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, சத்தமில்லாமல் உள்ளே போனது. கடல் பெருகத் தொடங்கியிருந்தது. கலங்கிய தண்ணீரில் தன்னுடைய கால்களே அவளுக்குத் தெரியவில்லை.

“விடு. பழைய போன்தானே. இனி எடுத்தாலும் உப்புத் தண்ணி குடிச்சதுக்கு உயிர் வராது.”

“போன் கிடக்கட்டும். அக்கா எந்த நம்பருக்கு எடுப்பா?”

வலையை விட்டுவிட்டு அவனும் இறங்கித் தடவத் தொடங்கினான். இடுப்புக்குத் தண்ணீர் வரும்வரை இருவரும் தேடினார்கள்.

அந்த நம்பர் வவுனியாவில் வாங்கியது. சண்டை முடிந்தபின் அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியே விட்ட கிழமை, அடையாள அட்டையைக் காட்டித் தன் பெயரிலேயே எடுத்தாள். அதற்கு முந்திய இருபது வருடத்தில் அவளுக்கு மடுவில் ஒரு விலாசம் இருந்தது, மல்லாவியில் ஒன்று, பிறகு அவள் பேச்சில் எடுக்காத இடங்களில் சில, கடைசியில் முகாமில் ஒரு கூடார இலக்கம். வெளியே வந்தபின் சந்தியோகுவின் ஆட்கள் தலைமன்னாரில் கொடுத்த காணித்துண்டில் முதலில் தறப்பாள், பிறகு தகரம், இப்போது பூசாத கல்வீடு. இத்தனைக்கும் நடுவில் நம்பர் மட்டும் மாறவில்லை.

மூத்தவள் அன்ரோனெற் தொண்ணூறில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவள். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமில் இருந்தாள். சொந்தப் போன் இல்லை. யார் கையிலாவது இரந்து வாங்கித்தான் எடுப்பாள். அதனால் ஒவ்வொரு தரமும் வேறு வேறு நம்பர் வரும். எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்.

“வீட்டுக் கூரை இருக்கோடி? கிணத்துக் கட்டு இடியேல்லையே?”

“எல்லாம் இருக்கு, அக்கா.”

சிலாவத்துறைக்கு அங்கால் இருந்த அவர்களுடைய ஊருக்குள் சண்டை முடிந்தும் கடற்படை யாரையும் விடவில்லை. போகிற வழியில் ஒரு தடை, ஒரு பலகை. கூரை இருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்று பிரான்சிஸ்காவுக்குத் தெரியாது. ஆகவே, இருக்கிறது என்பது முழுப் பொய்யும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ‘நாங்கள் தலைமன்னாரில இருக்கிறம்’ என்பதைச் சொன்னால் ‘ஏன்’ என்ற கேள்வி வரும். அதனால் அதையும் சொல்லவில்லை.

போன கிழமை அன்ரோனெற் கடைசியாக எடுத்தாள். பேப்பர் சரிவந்துவிட்டது, பிளேனில் அனுப்புகிறார்கள், நாள் இன்னும் தெரியாது, கொழும்பில் இறங்கினவுடன் எடுக்கிறேன் என்றாள். இறங்கினபின் சொல்லிக்கொள்ளலாம் என்று பிரான்சிஸ்காவும் விட்டுவிட்டாள். இப்போது அந்த நம்பர் கடலுக்குள் கிடந்தது. அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு, பைகளோடு, நேரே அந்தத் தடைக்கு முன்னால் போய் நிற்பாள்.

மறுநாள் காலை மன்னார் ரவுணில் மர்சூக்கின் போன் கடைக்குப் போனாள். அவரும் இடம்பெயர்ந்து புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர்தான். ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்தே அவரைக் கூப்பிடுவாள்.

“அதே நம்பர் வேணும், நானா. புதுசு வேண்டாம்.”

“அதே நம்பர் தரலாம். ஐடென்ரிற்றியைத் தாங்கோ. கம்பனியில ஒரு கேள்வி கேப்பாங்க. நீங்க வழமையா எடுக்கிற நம்பர் மூண்டு நாலு சொல்லணும்.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாம் சிம்முக்குள்ளதானே கிடந்தது.”

“ஒண்டும் பாடமில்லையா?”

“நானா, நான் எடுக்கிறது குறைவு. எனக்குத்தான் எடுப்பினம்.”

மர்சூக் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தார். பிரான்சிஸ்கா கண்ணை மூடி யோசித்தாள். நண்டு ஏற்றும் லொறியின் பின்கதவு ஞாபகத்துக்கு வந்தது. அதில் சிவப்பு மையில் எழுதியிருந்த நம்பரைச் சொன்னாள். கோயில் அறிவித்தல் பலகையில் பங்குச் சுவாமியின் நம்பர். திருநாளுக்குப் பிடிக்கிற வான் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பர்.

“இவங்களுக்கெல்லாம் எடுத்திருக்கிறீங்களா?”

“லொறிக்கு, நண்டு கூடப் பட்டா எடுப்பன். சுவாமிக்கு, பூசைக்குக் குடுக்க எடுத்தனான். வானுக்கு மடுவுக்குப் போக.”

மறுபக்கத்தில் சரி என்றார்கள். மர்சூக் சிரித்தார். “உங்கட மண்டைக்குள்ள மன்னார்ல உள்ள சுவரெல்லாம் இருக்கு.” புதுச் சிம்மைக் கொடுத்தார். “இரண்டு மூண்டு மணித்தியாலம் செல்லும். வீட்ட போய்ப் போடுங்கோ. தானா வரும்.”

புதுப் போன் வாங்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வளவுக் கொன்ஸ்ரன்ரைன் போன வருடம் திருவண்ணாமலைப் பக்கத்து முகாமிலிருந்து திரும்பியவர். தன்னுடைய பழைய சைனாப் போனைத் தூக்கிக் கொடுத்தார்.

“கொண்டு போ, தங்கச்சி. இஞ்ச கடற்கரையில நிண்டு இந்தியாச் சிம்மைப் போட்டு, அங்க மகளோட கதைக்கிறதுக்கெண்டு வச்சிருந்தனான். இதைப்போல இழுவை ஒரு போனுக்கும் இல்லை.”

சொல்லிவிட்டு அவர் கடலுக்குப் போய்விட்டார்.

சொன்னது உண்மைதான். சிம்மைப் போட்டதும் சிக்னல் கோடு முழுக்க நின்றது. அதற்குப் பக்கத்தில் சின்ன ஆங்கில எழுத்தில் ஏதோ ஒரு பெயர். பிரான்சிஸ்காவுக்கு ஆங்கிலம் வராது. அவள் கோட்டைத்தான் பார்த்தாள். அக்காவுக்காகச் சட்டைக்குள் செருகாமல், கழுவிய பானைமேல் வைத்து, அதன் முன்னால் இருந்து வலையில் சாதாளை எடுத்தாள். போன் அடிக்கவில்லை. பொழுதுபட்டும் அடிக்கவில்லை.

விடிந்ததும் நண்டு நிறுக்க வந்த றோயைப் பிடித்தாள்.

“தம்பி, இதுக்கு ஒருக்கா எடு.”

றோய் எடுத்துக் காதில் வைத்தான். “மூண்டு பாசையிலயும் நீங்கள் இல்லையெண்டு சொல்லுது, அக்கா.”

“கோடு நிக்குதேயடா.”

“கோடு நிக்குதுதான். நீங்கள்தான் இல்லை.”

“உன்ர வாயில நண்டு கடிக்க.”

நண்டைச் சந்தியோகுவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். தலைமன்னாரில் முழுசாக நின்ற கோடு பேசாலை வரும்போது பாதியாகிவிட்டது. பிறகு ஒன்று. தாராபுரத்தில் அதுவும் இல்லை. போன் செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாள். அதே நேரம் முன் இருக்கையில் உம்மு ஸல்மா என்று பக்கத்திலிருந்தவர்கள் கூப்பிட்ட பெண் தன் போனில் பஸ் முழுவதும் கேட்கக் கதைத்துக்கொண்டிருந்தாள். “ஓம், ஓம், தாராபுரம் தாண்டிட்டன், தண்ணியக் கொதிக்க வைங்கோ.”

ரவுண் கிட்ட வர எல்லோருடைய போனும் அடிக்குது, இது மட்டும் ஏன் சாகுது என்று யோசித்தாள். கொன்ஸ்ரன்ரைன் கதைக்கும்போது நிற்கிற மாதிரி கண்ணுக்குள் வந்தது. அந்த மனிதன் எப்போதும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துத்தான் நிற்பார். கடலுக்கு நடுவில் ஒரு கம்பனியின் டவரும் இல்லை. கடலுக்கு அங்கால்தான் இருக்கிறது.

கடைப்படியில் கால் வைத்தபடியே சொன்னாள். “நானா, இந்தப் போன் இந்தியாவைப் பாத்துக்கொண்டிருக்குது.”

மர்சூக் வாங்கி எதையெதையோ அமத்தினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

“இதை ஆரோ கையால கட்டி வச்சிருக்காங்க. அங்கத்தக் கம்பனியத் தவிர வேற ஒண்டையும் பாக்காதே எண்டு. உங்கட சிம் மன்னார்ல, போன் ராமேஸ்வரத்தில. எங்க சந்திக்கிறது?”

“அவிட்டு விடுங்கோ, நானா.”

“அவிட்டாச்சு. பொறுங்கோ, இப்ப தேடுது.”

பிரான்சிஸ்கா கண்ணாடிப் பெட்டியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். போன் ஒரு தரம் நடுங்கியது. ஒரு செய்தி. இன்னொன்று. பிறகு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. மர்சூக் ஒவ்வொன்றாக வாசித்தார்.

“உங்களுக்கு ஆக்கள் எடுத்திருக்காங்க. இது நேத்துப் பின்னேரம், கொழும்பு நம்பர். இது இரவு. இந்தா, இது விடியத்தில இருந்து ஒரே நம்பர், ஒரே நம்பர்.”

“அதுக்கு எடுங்கோ.”

அடித்தது. ஒரு ஆணின் குரல். “ஆர்?”

“இந்த நம்பரில இருந்து எனக்கு எடுத்திருக்கினம்...”

“ஓ, அந்தப் பையளோட குந்திக்கொண்டிருக்கிற அம்மாவோ? நான் முருங்கன் சந்தித் தேத்தண்ணிக்கடை யோகராசா. விடியத்தில இருந்து என்ர போனைத் தேய்ச்சு முடிச்சிட்டா. இந்தா, கதையுங்கோ.”

பாத்திரம் உரசுகிற சத்தம். பிறகு:

“செத்துப்போனியோடி?”

“இல்லை, அக்கா. போன் கடலுக்குள்ள விழுந்திட்டுது.”

“நீயும் சேந்து விழுந்திட்டாய் எண்டு நினைச்சு, பஸ்ஸுக்குள்ள ஒரு செபமாலை சொல்லி முடிச்சிட்டன்.”

“அக்கா, சிலாவத்துறை பஸ்ஸில ஏறாத. கேக்குதோ? ஏறாத. அங்க...”

“நான் ஏன் அதில ஏறிறன்? அங்க என்ன கிடக்கு?”

பிரான்சிஸ்கா கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். மர்சூக் எழும்பித் தன் கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். இருந்தாள்.

“உனக்குத் தெரியுமோ?”

“மண்டபத்தில தெரியாத ஆள் ஆரடி? எங்கட ஊர் ஆக்கள் பாதிப்பேர் அங்கதானே. பலகையில என்ன எழுதிக் கிடக்குதெண்டுகூட எனக்குத் தெரியும்.”

“பிறகேன் ஒவ்வொருக்காலும் கூரையைக் கேட்டனி?”

“ஒருநாளாவது வாயில உண்மை வருகுதோ எண்டு பாத்தன்.” அன்ரோனெற் தேத்தண்ணியை ஒரு மிடறு குடிக்கிற சத்தம் கேட்டது. “பிறகு, நீ இருக்கெண்டு சொல்லேக்க கேக்க நல்லாயும் இருந்தது. அது கிடக்கட்டும். இப்ப எங்க வரவேணும்? அதைச் சொல்லு முதல். நீ எங்க இருக்கிறாய் எண்டு மட்டும் ஒரு நாயும் சொல்லேல்லை. எந்தப் பக்கமும் போகலாம் எண்டுதான் இஞ்ச இறங்கினனான்.”

“தலைமன்னாரில இருக்கிறன். அவற்ர ஆக்களோட.”

“எடியே! மண்டபத்துக்கு நேர எதிர்க்கரை. நீஞ்சியே வந்திருக்கலாம், விசர்.”

பிரான்சிஸ்கா சிரித்தாள். சிரிக்கிறபோதே கண்ணிலிருந்து தண்ணீர் போனது. சட்டைக் கையால் துடைத்தாள்.

“மன்னார் பஸ்ஸில ஏறு, அக்கா. நான் பஸ் ஸ்ராண்டில நிக்கிறன். வேற ஒண்டிலயும் ஏறாத.”

“யோகராசாத் தம்பி ஏத்திவிடும். நீ அந்தப் போனைக் கழுத்தில கட்டிக்கொண்டு நில்.”

மர்சூக் ஒரு பிளேன்ரீ எடுப்பித்தார். சீனி அதிகம். முழுவதையும் குடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பஸ் ஸ்ராண்டுக்கு முருங்கன் பக்கத்து பஸ் ஒன்று வந்து, சனம் இறங்கி, போனது. இரண்டாவது பஸ்ஸில் முதலில் பைகள் இறங்கின. பிறகு முகாமில் பிறந்த மகள் டினோஜா, அவள் தோளைப் பிடித்தபடி அன்ரோனெற். நரைத்திருந்தாள். மெலிந்திருந்தாள். பிரான்சிஸ்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“கறுத்துப்போனாய்.”

“வெயில்.”

“எங்க அந்தப் போன்? காட்டு.”

காட்டினாள். அன்ரோனெற் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன்னுடைய மடிக்குள் செருகிக்கொண்டாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்தாள். தலைமன்னார் போய்ச் சேரும்வரை விடவில்லை.

அடுத்த நாள் சந்தியோகு விடியமுன் கடலுக்குப் போனான். நண்டு குறைவு. றோய் நிறுத்துக்கொண்டு போனான். பிரான்சிஸ்கா அன்ரோனெற்றையும் டினோஜாவையும் பதிவுக்காகக் கிராம சேவகரான விதானையிடம் கூட்டிப்போனாள். அவர் இல்லை, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அங்கிருந்து ரவுணுக்குப் போனார்கள். அன்ரோனெற்றிடம் அடையாள அட்டை இல்லாததால் அவளுக்கான சிம்மையும் பிரான்சிஸ்காவின் பெயரிலேயே எடுத்தார்கள். மர்சூக் அதைப் புதுப் போனில் போட்டு, வேலை செய்கிறதா என்று கடைக்குள்ளேயே எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பின்னேரம் கொன்ஸ்ரன்ரைன் கரைக்கு வந்தார். போன் எப்படி என்று கேட்டார். நல்ல போன் என்று பிரான்சிஸ்கா சொன்னாள். பிறகு எல்லோரும் இருந்து கிழிந்த வலையைப் பொத்தினார்கள்.