அசையாத சிவப்பு

என் அக்காவின் கணவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கும்போது, அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் மட்டும் விழித்திருக்கும். கைப்பிடியை அழுத்தும், விடும், அழுத்தும், விடும். "ஏனுங்க, தூக்கத்துலயும் அந்தக் கைக்கு வேலைதானுங்களா?" என்று அக்கா விரலைப் பிடித்து நிறுத்துவாள். அவள் கையை எடுத்ததும் அது மறுபடி தொடங்கும். அது என்ன வேலை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவரை மாமா என்று அழைப்பேன். ஒற்றை ரயில்பாதை ஓடும் சிறிய நிலையங்களில் சிக்னல் பார்த்துப் பழகியவர். நாற்பதுகளில் போர் நடந்தபோது, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே சோளக்காட்டைச் சமன்படுத்தி ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். வரும் விமானங்கள் ஒன்றை ஒன்று நெருங்காமல், ஒவ்வொன்றாக இறக்கிவிடும் வேலைக்கு மாமாவைப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அவர் நின்ற மரக் கோபுரத்திலேயே, மழையும் காற்றும் குறிக்கும் குமாஸ்தாவாக எனக்கும் ஒரு மேசை கிடைத்தது. வானொலிக் கருவி பாதி நாள் பேசாது. அதனால் விமானிகளோடு பேச்சு விளக்கில்தான்: துப்பாக்கிபோல் விசை வைத்த, கனத்த கைவிளக்கு. பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பில் இரண்டு உண்டு. அசையாமல் எரிந்தால், காத்திரு, சுற்றிக்கொண்டிரு. விட்டுவிட்டு எரிந்தால், இங்கே இறங்காதே, வேறு தளத்துக்குப் போ.

ஓடுதளத்தில் மண் சுமந்தவர்கள் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கிவிட்டார்கள். "ஏனுங்க மாஸ்டரு, நாமக்கல்லுக்கு அடுத்த வண்டி எப்பங்க?" என்று கீழிருந்து கேட்பார்கள். "உனக்கு டிக்கெட் இல்லாத வண்டிதான் சாமி, குறுக்க வராமப் போ" என்பார். விளக்கைக் கையில் எடுத்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். "பாதையில ஒண்ணு இருக்கறவரைக்கும் இன்னொண்ணுக்குப் பச்சை கெடையாது, மாப்ள" என்பார். அதிலிருந்து அவர் ஒருநாளும் வழுவியதில்லை.

நாள் கிழமையைக் குறித்து வைப்பது என் பழக்கம். அந்த ஒரு நாளை மட்டும் குறித்துவைக்கத் தேவைப்படவில்லை. புரட்டாசிக் கடைசி, வெள்ளிக்கிழமை, உச்சி சாய்ந்த நேரம். கஞ்சமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு விமானங்கள் வந்தன. முதலாவது இறங்கி, முந்தைய மழையில் ஊறியிருந்த தளத்தின் நடுவில் சக்கரம் புதைந்து நின்றது. இரண்டாவதுக்கு மாமா சிவப்பு காட்டினார். அசையாத சிவப்பு. அதற்குக் கட்டுப்பட்டு அது மேலே சுற்றத் தொடங்கியது.

கீழே வடம் கட்டி இழுத்தார்கள். "இன்னொரு இழுப்புங்க, வந்துருமுங்க" என்று மேஸ்திரி கத்தினார். அடுத்த இழுப்புக்கும் அதையே கத்தினார். மழை இறங்கியது. "மாமா, திருச்சிக்குப் போகச் சொல்லிரலாமுங்களா?" என்றேன்.

"இருங்க மாப்ள, பாதை இப்பக் காலியாயிரும்."

விரல் விசையிலிருந்து நகரவில்லை. மழைச் சத்தத்துக்குள் மேலே இருந்த இரைச்சல் விக்கியது, மீண்டும் எழுந்தது, பிறகு இல்லாமல் போனது. காட்டோரக் கிணற்று மேட்டில் விமானம் விழுந்தது. தனியாக வந்த விமானி. மீசை சரியாக அரும்பாத முகம். அவன் உடலைத் தூக்கி வருவதற்குள், புதைந்திருந்த விமானத்தை இழுத்துவிட்டிருந்தார்கள். ஓடுதளம் காலியாகக் கிடந்தது.

விசாரணையில் மாமாமேல் குற்றமில்லை என்றார்கள். தளத்தில் ஒன்று நிற்கையில் மற்றதை இறக்காதது விதிப்படி சரி. தொடக்கத்திலேயே அனுப்பியிருந்தால் திருச்சி வரை பெட்ரோல் இருந்திருக்கும் என்பதும் அதே விசாரணையில்தான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் அவர் ஒரே ஒருமுறை வாய் திறந்தார். "ரயிலுக்குச் செவப்பு காட்டுனா, அது நின்ன எடத்துல நிக்கும், மாப்ள."

அவருக்கு இரண்டாவது சிவப்பு தெரியாமலில்லை; பயிற்சியில் தடுமாறாமல் சொன்னவர்தான். ஆனால் அந்தக் கை வாழ்நாளெல்லாம் கண்ட சிவப்பு ஒன்றுதான். காத்திருப்பதால் எதுவும் தீர்ந்துபோகாத உலகத்தின் சிவப்பு அது. வேலையை விட்டுவிட்டு, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்தார். அதன்பிறகுதான் விரல், விளக்கின் விசையை விட்டுவிட்டு அழுத்துவதுபோல், அசையத் தொடங்கியது.

இப்போது அந்த நாற்காலி என்னிடம் இருக்கிறது. உயரத்தில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுப் போகின்றன. திரையில் பார்த்து வழிவிடுகிறார்களாம். எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று கேட்டறியவும் முடிகிறதாம். பத்திரிகையில் இதைப் படிக்கும்போது, மாமா இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். கேட்காததே நல்லது என்றும் தோன்றும்.

மாமாவின் கடைசி நாளில், பேச்சு அடங்கிய பிறகும் அந்த விரல் பாய் விளிம்பை அழுத்திக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தது. அக்கா பிடித்து நிறுத்தப் போனாள்.

"விடுக்கா. சொல்லி முடிக்கட்டும்" என்றேன்.

அழுத்தியது, விட்டது. அழுத்தியது, விட்டது. பிறகு அழுத்தவில்லை.