கீறுறதுக்கு ஒரு பலகை

எனக்குப் படம் கீறுற விசர் சின்னனிலேயே பிடிச்சது. அதாலை ஒரு சதம் உழைச்சதில்லை, உழைக்கிற எண்ணமும் இருக்கேல்லை. ஆனால் தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை, கொக்குவிலிலை, கீறுறதுக்கு ஒரு நல்ல பலகை இல்லாமல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. சாப்பாட்டு மேசை ஆடும். நிலத்திலை குனிஞ்சு கீறினால் இடுப்பு, நாரி எல்லாம் முறியும். நான் ரியூசன் குடுத்த பிள்ளையளின்ரை பழைய கொப்பியளிலை மிஞ்சின பக்கங்கள்தான் தாள்.

அண்ணை அப்ப கொழும்புக்குப் போயிருந்தார். குடாநாட்டை விட்டுப் போறதெண்டால், ஊரை வைச்சிருந்த இயக்கத்திட்டைப் பாஸ் எடுக்கவேணும். போறவர் திரும்பி வருவார் எண்டு, ஊரிலை இருக்கிற ஒருத்தர் பிணைக் கையெழுத்து வைக்கவேணும். போனவர் வராவிட்டால் கையெழுத்து வைச்சவருக்குப் பாஸ் கிடையாது. அண்ணைக்கு வைச்சது நான். "கண்ணை டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு ஒரு மாதத்திலை வந்திடுவன். பிறகு நீ போ" எண்டார். கொழும்பிலை பின்னேர வகுப்பொண்டிலை ஒழுங்காகப் படம் கீறப் பழகவேணும் எண்டது என்ரை ஆசை. அதை நினைச்சுக்கொண்டு யோசிக்காமல் கையெழுத்தை வைச்சன்.

மூண்டு மாதம் போச்சு. நான் பாஸ் கதையை எடுத்தால் அம்மா அடுப்பை ஊதத் தொடங்கிவிடுவா.

சுன்னாகத்துக்குப் போற றோட்டிலை ஒரு பழைய சாமான் கடை இருந்தது. ஊரை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்கள் வித்துப்போட்டுப் போன அலுமாரி, தையல் மிசின், தொட்டில் எல்லாம் அங்கைதான் வந்து சேரும். அங்கை ரெண்டு பலகையைக் கண்டன். சின்னது, பரீட்சைக்குக் கொண்டுபோற கிளிப் பலகை. பயணப் பாக்குக்குள்ளை வைக்கலாம். பெரிசு, ஆரோ ஒரு படவரைஞர் மேசையிலை வைச்சுக் கீறினது. ரெண்டு கையாலையும் தூக்கவேணும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கரையோடை பார்த்தன். வளைவே இல்லை. உள்ளங்கையாலை தடவினன். மூலையளிலை ஊசி குத்தின ஓட்டையளைத் தவிர ஒரு பழுதும் இல்லை.

விலையைக் கேட்டால், ரெண்டும் ஒரே விலை.

"பெரிசை விறகு விலைக்குத்தான் போட்டிருக்கிறன் பிள்ளை. மண்ணெண்ணெய் இல்லாத காலம். வாற கிழமைக்குள்ளை போகாட்டில் கொத்தி வித்துப்போடுவன்," எண்டார் கடைக்காரர். "கொண்டு திரியவோ, வீட்டிலை வைச்சுக் கீறவோ?"

"நான் வெளிக்கிட இருக்கிறன் ஐயா. அண்ணை வந்தவுடனை."

"அப்ப சின்னனை எடுங்கோ."

எடுத்தன். மனம் முழுக்கப் பெரிசிலை.

சின்னன் உதவாது எண்டு அடுத்த நாளே தெரிஞ்சுது. தாள் கரையிலை தொங்கும். கிணத்தைக் கீறினால் தண்ணி அள்ளுற துலாவுக்கு இடமில்லை. எண்டாலும் அதைப் பயணப் பாக்கிலை வைச்சு, மேலை ரெண்டு சட்டையையும் மடிச்சு வைச்சன். ஆத்திலை ஒரு கால், சேத்திலை ஒரு கால் எண்டுவினம். எங்கடை ஊரிலை ஆறே இல்லை, எனக்கு ரெண்டு காலும் சேத்துக்குள்ளைதான் எண்டு அப்ப என்ரை மர மண்டைக்கு விளங்கேல்லை.

நாலாம் நாள் அண்ணையின்ரை கடிதம் வந்தது. ஜேர்மன் முத்திரை. சுகமாய் வந்து சேர்ந்திட்டாராம், அம்மாவை நான் பார்த்துக்கொள்ளட்டாம், தன்னிலை கோவிக்க வேண்டாமாம். அம்மா கடிதத்தைக் கண்ணிலை ஒத்திக்கொண்டு அழுதா. "என்ரை பிள்ளை தப்பீட்டான்" எண்டு சாமி அறையிலை விளக்கு வைச்சா. பிறகு என்னட்டை வந்து, "ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கண் காட்டப் போனவன் எண்டே இருக்கட்டும்" எண்டா.

எனக்கும் ஆறுதல்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் போகேக்கையே, திரும்பி வாறதில்லை எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பேனையை என்ரை கையிலை தந்தவர். அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்குமோ எண்டு கேக்க எனக்குத் துணிவு வரேல்லை.

பாக்கை அவிட்டு, சட்டையளைத் திரும்ப அலுமாரியிலை வைச்சன். சின்னப் பலகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனன். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு என்ரை முகத்தைப் பார்த்தார். பெரிசைத் தூக்கிச் சைக்கிள் கரியரிலை குறுக்காலை வைச்சு, கயித்தாலை இறுக்கிக் கட்டிவிட்டார். ஏறி ஓடேலாது. வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தன்.

அந்த நாளையிலை சைக்கிளிலை வீட்டுச் சாமான் போனால், ஆரோ ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டினம் எண்டுதான் சனம் நினைக்கும். முன்வீட்டு மாமி எங்கடை வாசல் படலையடியிலை நிண்டா. பலகையைப் பார்த்தா.

"ஆர் பிள்ளை வெளிக்கிட்டது?"

விறாந்தையிலை நிண்ட அம்மா, சொல்லாதை எண்டு எனக்குத் தலையை ஆட்டினா.

"அண்ணை," எண்டன். "நான் இனிப் போகேலாது மாமி. படலையை ஒருக்கால் பிடியுங்கோ, இதை உள்ளுக்குக் கொண்டுபோகவேணும்."

மாமி படலையைப் பிடிச்சா.