பத்தியப் பட்டியலில் சேர்ந்த மாத்திரை

1996 மே மாதம், அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றில், எண்ணெய் வைத்தியத்துக்காகப் பத்து நாள் தங்கினேன். முடக்குவாதம் உள்ளவர்கள் இப்படி ஒரு பயணத்தை யோசித்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். அற்புதத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். நான்கு வருடமாக விரல்களிலும் முழங்கால்களிலும் இந்த நோய். மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரை ஞாயிறுதோறும் ஒரு வேளை, மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. வீக்கம் அடங்கியது, காலை விறைப்பு போகவில்லை. மார்ச்சில் இரண்டு முறை பாடத்தின் நடுவே சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். ஜூனில் கல்லூரி திறக்கும்போது கரும்பலகையில் எழுத முடியாவிட்டால் விருப்ப ஓய்வு கேட்பது என்று தீர்மானித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

எண்ணெய் வைத்தியம் மதினியின் யோசனை. பாளையங்கோட்டையில் இருக்கும் என் அண்ணன் மனைவி. ஏப்ரலிலேயே கடிதம் போட்டுவிட்டார்: போகுமுன்பே பத்தியம் தொடங்க வேண்டும், கத்திரிக்காய், புளி, தயிர், இங்கிலீஷ் மாத்திரை நான்கும் கூடாது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும், ஒன்றைச் சோதிப்பதென்றால் முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானக் காரணம் சொல்லிக்கொண்டு, மூன்று ஞாயிறு மாத்திரையை விட்டேன்.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ரயிலில் போங்கள். பஸ்ஸின் முதல் படி நம் முழங்காலுக்கு எட்டாது. துணைக்கு வந்த மதினியும் நானும் காலை ஏழு மணிக்கு மேல் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினோம்; அம்பாசமுத்திரத்துக்கு ஏழு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சேரன்மாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், எதிரே மலை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்டோவில் ஆறு கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய். "பைய ஏறுங்கம்மா, வண்டி எங்கனயும் போயிராது" என்றார் ஓட்டுநர். நான் ஏறி முடித்ததும், "வைத்தியசாலைக்குத்தான?" என்றார். ஏறிய விதமே முகவரி சொல்லியிருக்கும்.

வைத்தியருக்கு அறுபது வயதிருக்கும். நாடி பார்த்துவிட்டு, "டாக்டர்ட்ட பாக்கீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மதினி, "பாக்கா, பாக்கா. மதுரையில பெரிய டாக்டரு" என்று முடித்துவிட்டார். மாத்திரையை விட்டதை நானும் சொல்லவில்லை.

மூன்று நாள் நன்றாகவே போனது. காலையில் பார்வதி என்ற பெண் சூடான எண்ணெயை மூட்டுகளில் தேய்த்துவிடுவார்; ஒரு மணி நேரம் கழித்து வெந்நீர்க் குளியல்; ஒரு தம்ளர் கஷாயம்; மிளகு ரசமும் சோறும். நான்காம் நாள் காலை கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. வலது முழங்கால் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. பார்வதி உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"டீச்சரம்மா, சுடுதுல்லா! சுடுத மூட்டுல நான் கை வைக்க மாட்டேன். வைத்தியர் அண்ணாச்சி வரட்டும்."

"ரெண்டு தேய்ப்பு தேய்ச்சா வடிஞ்சிரும்" என்றார் மதினி.

"அவ்வளவு ஆசைன்னா உங்க முட்டில தேய்ச்சு விடுதேன், வாங்க."

வைத்தியர் வந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "மாத்திரை சாப்பிடுதீங்கள்லா?"

"மூணு வாரமா இல்ல. பத்தியம்."

"யாரு சொன்னா?"

நான் மதினியைப் பார்த்தேன். மதினி ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார்.

"நான் கத்திரிக்காயத்தானம்மா விடச் சொல்லுவேன், மாத்திரையையா விடச் சொன்னேன்? படிச்சவங்க, ஒரு வார்த்தை கேக்கப்படாதா? முதல்ல உங்க டாக்டருக்கு போன் போடுங்க. அதுக்குப் பெறவுதான் எண்ணெய்."

லேபிள் இல்லாத பாட்டிலைத் தொட்ட மாணவியை ஆய்வகத்தை விட்டு வெளியே நிறுத்தியவள் நான்.

ஆட்டோவில் அம்பாசமுத்திரம் போய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். டாக்டர் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை வழக்கமான அளவே போடுங்கள், விட்டதைச் சேர்த்துப் போட வேண்டாம். சூடு தணியும்வரை தேய்க்கக் கூடாது, ஈரத்துணி போடுங்கள். எண்ணெய் பிறகு தாராளமாகத் தேய்க்கலாம், கஷாயம் மட்டும் வேண்டாம், கல்லீரலுக்கு ஆகாது. ஊர் திரும்பியதும் இரத்தப் பரிசோதனை. திரும்பி வந்து வைத்தியரிடம் அப்படியே ஒப்பித்தேன். "சரியாத்தான சொல்லுதாரு. கஷாயத்தை விட்டுருவோம்" என்றார்.

ஞாயிறன்று மதினியே ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்து நின்றார். "இந்தா, இதுவும் பத்தியந்தான்."

ஏழாம் நாளிலிருந்து மறுபடி எண்ணெய். கிளம்பும்போது காலை விறைப்பு ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணியாகக் குறைந்திருந்தது. மாத்திரையா, எண்ணெயா, பத்து நாள் ஓய்வா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. எண்ணெய்க்குப் பின் விரல்கள் இளகுவது மட்டும் நிச்சயம். இப்போது வீட்டிலும் தேய்க்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அறை, சாப்பாடு, எண்ணெய் சேர்த்து நாளுக்கு நூற்றிருபது ரூபாய் ஆனது. பத்தமடைப் பாய் விரித்துக் கொடுப்பார்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் தரையிலிருந்து எழுவது நமக்கு ஆகாது, கட்டில் கேளுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் யாரும் சொல்லாத விஷயம்: கழிப்பறை குந்தி உட்காருவதுதான். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று அங்கே இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். போட்டுக்கொள்ளும் மாத்திரைகளின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி, முதல் நாளே உங்கள் கையால் வைத்தியரிடம் கொடுங்கள். கூட வருபவரைப் பதில் சொல்ல விடாதீர்கள்.

ஜூனில் கல்லூரி திறந்தது. முதல் வகுப்பில் நாற்பது நிமிடம் கரும்பலகையில் எழுதினேன். சாக்பீஸ் ஒரு முறை கீழே விழுந்தது. மேசையைப் பிடித்துக் குனிந்து, நானே எடுத்தேன்.